எழுநூற்றுப் பதினொன்றுக்குச் சொந்தக்காரர்

711.

தாரணியின் லேப்டாப் திரையில் அந்த எண் வந்து நின்றபோது பகல் பன்னிரண்டேகால். மைசூர் அக்ரஹாரத்தில், சுலோசனாவின் முன்னறையில் இருந்த நாலு பேரும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அதை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இதுக்கா விடியக்காலைலேர்ந்து மெஷின உருட்டினோம்? லாட்டரியா இருந்தாலாவது ஆறுதல் பரிசு உண்டு" என்றான் பாலன்.

சுலோசனா அவனைக் கண்டுகொள்ளவில்லை. சுலோசனாவைத் தெரியாதவர்கள் அக்ரஹாரத்தில் கிடையாது. சுலோசனாவுக்குத் தெரியாதவர்களும் கிடையாது. இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், ஓய்வு பெற்ற மறுமாதமே வாசலில் 'தனியார் விசாரணை' என்று ஒரு போர்டு மாட்டிவிட்டாள். அடுத்த வீட்டு விஷயத்தைச் சும்மா விசாரித்தால் வம்பு, போர்டு மாட்டி விசாரித்தால் தொழில். இதைக் கண்டுபிடித்ததே அவளுடைய முதல் துப்பு என்று தெருவில் சொல்வார்கள்.

பாலன் அவளுக்கு உதவியாள். மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஓட்டியவன். இருபத்திரண்டு வருடத்தில் இடுப்பு தேய்ந்துபோய் விலகினான். வாய் மட்டும் தேயவில்லை.

கட்சிக்காரி தாரணிக்கு இருபத்தாறு வயது. கௌதள்ளிப் பக்கத்துப் பெண். ஹெப்பாளில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை. இன்று மாலை ஐந்து மணி வரைக்கும்தான் அந்த வேலை. ஐந்து மணிக்குள் 'திருடியது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் போக வேண்டும். இல்லையென்றால் முதலாளி மனோஜ்குமார் போலீசுக்குப் போவார், கூடவே பெங்களூர் வரைக்கும் எல்லா ஸ்டூடியோவுக்கும் அவள் பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். எப்படிப் போனாலும் அவளுக்கு இனி இந்தத் தொழிலில் சோறு கிடையாது.

திருட்டுப் போனது ஒரு தேர்த் திருவிழா. ஊதுபத்தி விளம்பரத்துக்காகத் தாரணி செய்த இருபது நொடிப் படம் அது. தேர் வருகிறது, கூட்டம் கையைத் தூக்கிக் கும்பிடுகிறது. இவர்கள் கொண்டுபோய்க் காட்டுவதற்கு மூன்று நாள் முன்பே, பெங்களூரில் ஒரு ஸ்டூடியோக்காரன் அதே தேரை, அதே கூட்டத்தை, வானத்துக்கு மட்டும் வேறு சாயம் பூசி ஊதுபத்திக்காரரிடம் காட்டிவிட்டான். போன செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று இருபதுக்கு, தாரணியின் மெஷினிலிருந்து, தாரணியின் பெயரில் படம் வெளியே போயிருக்கிறது என்று ஸ்டூடியோக் கணினி சாட்சி சொன்னது. அந்த நேரம் தான் கேண்டீனில் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகத் தாரணி சொன்னாள். எலுமிச்சம்பழம் சாட்சிக்கு வருமா?

சுலோசனா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்பது தடவை பார்த்தாள். கல்யாண வீட்டு வீடியோவில் யார் யாரைப் பார்த்து முகம் திருப்பினார்கள் என்று தேடுகிற அதே கண். ஒன்பதாவது தடவை பிடித்துவிட்டாள். தாரணியின் படத்தில் முதலில் கையைத் தூக்குவது தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தலைப்பாகைக்காரர். பெங்களூர்ப் படத்தில் அவர் சும்மா நிற்கிறார், மூன்றாம் வரிசைப் பச்சைச் சேலைக்காரி முந்திக்கொள்கிறாள். ஜனம் அதே ஜனம், உடுப்பும் அதே உடுப்பு. கை தூக்குகிற வரிசை மட்டும் வேறு.

அதற்குத் தாரணி சொன்ன விளக்கம் இது. ஒரு பொம்மை கையைத் தூக்க வேண்டுமென்றால் எந்தக் கணத்தில் கை கீழே, எந்தக் கணத்தில் மேலே என்று இரண்டு இடத்தில் குறி வைக்க வேண்டும். அந்தக் குறிக்குக் கீஃப்ரேம் என்று பெயர். இருநூற்று நாற்பது பொம்மைகளுக்கும் ஒரே குறியை நகலெடுத்தால் தேர் பார்க்க வந்த கூட்டமாக இருக்காது, பள்ளிக்கூட டிரில் மாதிரி இருக்கும். அதனால் தாரணி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அது ஒவ்வொரு பொம்மையின் குறியையும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று கண்டபடி கலைத்துப் போட்டுவிடும்.

ஆனால் கணினிக்குக் கண்டபடி என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, ஏதாவது ஓர் எண் கொடு என்று கேட்கும். கொடுத்த எண்ணை விதையாகப் போட்டுத்தான் கலைக்கும். அதே விதையை எந்த மெஷினில், எத்தனை தடவை போட்டாலும் அச்சுப் பிசகாமல் அதே கலைசல்தான் வரும். வேறு விதை என்றால் வேறு கலைசல். ஸ்டூடியோ முத்திரை விழாமல் படத்தை எடுக்க வேண்டுமென்றால் காட்சியைப் புதிதாகத் திறந்தாக வேண்டும். திறந்தால் பெட்டி எண் கேட்கும். தாரணி எப்போதும் போடுவது 1. திருடின ஆள் வேறென்னவோ போட்டிருக்கிறார்.

"கலைச்சுப் போட்டா தடம் இருக்காதுன்னு நெனச்சிருக்காங்க. கலைச்ச விதமே தடமாயிடுச்சு" என்றாள் சுலோசனா.

காலையில் தாரணி, திருட்டுப் படத்திலிருந்து பத்துப் பொம்மைகள் கை தூக்கும் கணங்களைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஸ்டூடியோவில் யாரையும் நம்பாமல், சுலோசனா வீட்டிலேயே உட்கார்ந்து, பூஜ்ஜியம் முதல் ஒவ்வோர் எண்ணாக விதைத்துப் பார்க்கும்படி லேப்டாப்புக்கு உத்தரவு போட்டாள். இப்போது பத்துப் பொம்மையும் ஒத்துப்போய்விட்டன. 711.

"அந்த நம்பர் யாரோடதுங்கக்கா?" தாரணி கேட்டது சுலோசனாவை. ஆனால் பதிலைத் தேடியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினிதாவின் முகத்தில்.

வினிதா ஹனூர்ப் பெண். தாரணியோடு ஒரே காலேஜ், ஒரே ஸ்டூடியோ, ஹெப்பாள் பி.ஜி.யில் ஒரே அறை. பழி விழுந்த நாளிலிருந்து மூன்று ராத்திரியாகத் தாரணியைத் தனியே விடவில்லை. சுலோசனாவின் சமையலறையில் சர்க்கரை டப்பா இருக்கும் இடம்கூட இதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் அவள்தான் காபி கலந்து கொண்டுவந்தாள்.

"ஒரு நம்பர வச்சு என்னங்கக்கா பண்றது? பஸ் நம்பரா, வூட்டு நம்பரா, ஏதோ கைக்கு வந்தத தட்டிருப்பாங்க" என்றாள் வினிதா. சொல்லிவிட்டுப் போனில் மணி பார்த்தாள். கண்ணாடி விரிசல் விட்டு, விரல் ரேகையை ஏற்க மறுத்துவிட்ட போன் அது. பார்க்காமலே கட்டை விரலால் நாலு தட்டுத் தட்டித் திறந்தாள்.

"கைக்கு வந்ததுதாம்மா எனக்கு வேணும். மூளைக்கு வந்தது பொய் சொல்லும்" என்று சொல்லிவிட்டுச் சுலோசனா செருப்பை மாட்டினாள்.

பாலனின் ஸ்கூட்டர் ஹெப்பாள் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வழியில் மூன்று பஸ் டிரைவர்கள் அவனுக்குக் கை காட்டினார்கள். ஒவ்வொருவருடைய கடனையும் காதலையும் அவன் பின்சீட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். தொழில்முறை ஆர்வத்தில் சுலோசனா ஒன்றிரண்டு கேள்விகூடக் கேட்டாள்.

ஸ்டூடியோவுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பாலனை விட்டுவிட்டு அவள் மாடி ஏறினாள். மனோஜ்குமாருக்கு அவளைக் கண்டதும் முகம் கோணியது. காரணம் இல்லாமல் இல்லை. இந்த நாலு நாளில் அவருடைய மாமியார் வீட்டுச் சொத்துத் தகராறு வரைக்கும் அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

"நோடி மேடம், இங்க பாருங்க, நம்பர்னா வெறும் நம்பர். அவளே வேணும்னு வேற நம்பர் போட்டிருக்கலாமில்ல? கள்ளன் தன் செருப்பப் போட்டுக்கிட்டா வருவான்?" என்றார் மனோஜ்குமார்.

"செருப்ப மாத்துவான் சார். நடைய மாத்த முடியாது."

அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் ஊழியர் பட்டியலைக் கேட்டாள். மொத்தம் பதினோரு பேர். அடையாள அட்டை எண்கள் 101-இல் தொடங்கி 111-இல் முடிந்தன. போன் எண்களின் கடைசி இலக்கங்களில் 711 கிடையாது. கீழேயிருந்து பாலன் மூச்சிரைக்க வந்து, பதினான்கு வண்டிகளின் எண்ணையும் பார்த்தாயிற்று, முதலாளி காருக்குத்தான் நாலு ஒன்பது, அதைக் கழித்துப் பெருக்கினாலும் 711 வராது என்று அறிக்கை கொடுத்தான். பி.ஜி. கதவுக்கு எண்ணே கிடையாது, பூட்டுதான்.

மீதி இருந்தது வரவேற்பறையில் தொங்கிய பிறந்த நாள் பலகை. பதினோரு பெயரில் ஏழு பேருக்கு ஒரே தேதி போட்டிருந்தது. ஜூன் ஒன்று. தாரணிக்கும் அதே, வினிதாவுக்கும் அதே. வருடத்துக்கு ஒரு பெரிய கேக் வாங்கினால் ஏழு பேருக்கு ஆயிற்று என்று மனோஜ்குமார் அதைத் தன் நிர்வாகத் திறமைபோலச் சொன்னார். மற்ற நாலு பேரும் கோடையில் பிறந்தவர்கள்.

வெளியே டீக்கடையில் பாலன் பன்னை டீயில் முக்கினான். மணி மூன்று.

"ஏழு பேரும் ஒரே நாள்ல பிறந்திருக்காங்க. ஆஸ்பத்திரில இடம் கிடைச்சிருக்குமா பாலன்?"

"என்ன மேடம் புதுசா கேக்கறீங்க? எனக்கும் ஜூன் ஒண்ணுதான். ஹெட்மாஸ்டர் புண்ணியம். பள்ளிக்கூடம் திறக்கற அன்னிக்கு வயசு சரியா இருக்கணுமே, அவரே ஒரு தேதி போட்டுக்குவார். எங்கம்மாவக் கேட்டா, எரும காணாமப்போன மறுநாள்னு சொல்லும். எருமை எப்ப காணாமப்போச்சுன்னு எந்த ஆபீஸ்ல கேக்கறது?"

சுலோசனாவின் டீ க்ளாஸ் பாதி வழியில் நின்றது. ஒரு மனுஷிக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று சர்க்காருக்கு, இன்னொன்று சொந்தத்துக்கு. பலகையில் தேடினால் சர்க்கார் தேதிதானே கிடைக்கும்?

"ஆனா ஏழு, பதினொண்ணுன்னு தேதி போடறவங்க முன்னால ஒரு சைபர் போடுவாங்களே" என்று தனக்குள்ளேயே முனகினாள்.

"போட்டா மட்டும் நிக்குமா? என் பஸ்ஸுக்குப் போர்டுல 07. டிரிப் ஷீட்ல வெறும் 7-ன்னு வரும். முன்னாடி இருக்கற சைபர கம்ப்யூட்டர் முழுங்கிடும் மேடம். பின்னாடி இருக்கறதுக்குத்தான் மரியாதை."

இருபத்திரண்டு வருட பஸ் ஓட்டத்தில் பாலன் பேசிய ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று சுலோசனா பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்போது உள்ளங்கையில் பேனாவால் 0711 என்று எழுதினாள். ஏழாம் தேதி, பதினோராம் மாதம். பெட்டியில் யாரோ நாலு தட்டுத் தட்டியிருக்கிறார்கள். மெஷின் பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டு மூன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

இன்றைக்குத் தேதி நவம்பர் ஆறு.

தாரணியைப் போனில் கூப்பிட்டாள். நிஜப் பிறந்த நாள் எது என்று கேட்டாள். தாரணி யோசித்துச் சொன்னாள். "தேதியெல்லாம் தெரியாதுங்கக்கா. ராகி அறுப்புச் சமயம்னு அம்மா சொல்லும். ஏனுங்க்கா?"

சும்மா என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் மீதி டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள். கௌதள்ளிப் பக்கம் ராகி அறுப்பது இந்த மாதத்தில்தான். இன்ஷூரன்ஸ் காலத்தில், தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுத மனிதர்களை அவள் பார்த்திருக்கிறாள். மூன்று நாளாக அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு, கண் சிவக்க உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணும் அந்த ஜாதிதானா? தேதி தெரியாது என்று எத்தனை பேர் சொல்வார்கள்? அதிலும் இத்தனை சாதாரணமாக?

"கட்சிக்காரியே கள்ளியா இருந்தா ஃபீஸ் யார் மேடம் தருவா?" என்றான் பாலன், அவள் முகத்தைப் பார்த்து.

"வாய மூடு."

அவன் மூடினான். அவள் இந்த ஐந்து வருடத்தில் அவனை அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

முதல் நாள் வாங்கி வைத்த விலாசத்தில் கௌதள்ளி வீட்டுப் போன் எண் இருந்தது. தாரணியின் அம்மா பெயர் பழனாத்தாள். மகளுக்கு இங்கே நேர்ந்ததில் ஒரு வரிகூட அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று தாரணி சத்தியம் வாங்கியிருந்தாள். எனவே சுலோசனா தன் பழைய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு பெண்ணைப் பற்றி எதைக் கேட்டாலும் யாரும் தவறாக நினைக்காத முகமூடி. மைசூரில் ஒரு நல்ல பையன் இருக்கிறான், ஜாதகம் பார்க்க வேண்டும், பெண் பிறந்த நாளும் நட்சத்திரமும் சொல்லுங்கள்.

பழனாத்தாள் பையனின் வேலையை விசாரித்தாள், நிலம் நீச்சு விசாரித்தாள். பிறந்த நாள் என்று வந்ததும் குரல் சட்டென்று ஒதுங்கியது. ராகி அறுப்புச் சமயங்க, தேதி நெனப்பில்லீங்க என்றாள். மகள் சொன்ன அதே வார்த்தை.

"நவம்பர் ஏழுங்களா?"

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்துவது கேட்டது. 

"அந்த வினிதாப் புள்ள சொல்லீருச்சுங்களா?" என்றாள் பழனாத்தாள். "கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுச்சுங்களே."

சுலோசனா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மிச்சத்தைப் பழனாத்தாளே சொன்னாள். தாரணி பிறந்தது தீபாவளியன்று பொழுது சாய, அமாவாசை இருட்டில். அமாவாசையில் பிறந்த பெண் என்றால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் பேசுவார்கள் என்று புருஷன்காரன் அன்றைக்கே வாயைக் கட்டிவிட்டான். பெற்ற மகளிடமே சொல்லவில்லை. இந்தச் சிவராத்திரிக்கு மகளோடு ஊருக்கு வந்த வினிதா, ராத்திரி கண் விழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக் கேட்டாள். தாருவுக்கு நிஜப் பிறந்த நாளில் ஒரு கேக் வெட்ட வேண்டுமென்று ஆசையாம். மனசு இளகிப் பழனாத்தாள் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்தான் போனில் பழைய காலண்டரைத் தேடி, அந்த வருடத் தீபாவளி நவம்பர் ஏழு என்று கண்டுபிடித்தது.

"தாரணிக்குத் தெரியாதுங்க. உங்க பையன் வூட்டுல அமாவாசைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே அம்மணி?"

"சொல்ல மாட்டாங்கம்மா" என்றாள் சுலோசனா. இல்லாத பையனுக்காக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

உலகத்தில் அந்தத் தேதியைத் தெரிந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கௌதள்ளியில் ராகிக் கட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கணினியைத் தொட்டது கிடையாது. மூன்றாவது ஆள் இப்போது சுலோசனாவின் வீட்டில் தாரணிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பாள்.

நாலேமுக்காலுக்கு மனோஜ்குமாரின் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேசைமேல் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேனாவும் மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. தாரணியின் கையை வினிதா பிடித்துக்கொண்டிருந்தாள்.

எண்ணுக்கு ஆள் கிடைத்ததா என்று மனோஜ்குமார் கேட்டார். சுலோசனா வினிதாவின் பக்கம் திரும்பினாள்.

"என் போன்ல சார்ஜ் இல்லம்மா. உன்னோடத கொஞ்சம் குடு, ஒரு போன் பண்ணணும்."

வினிதா போனை எடுத்தாள். திறந்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சுலோசனா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்து, விரிசல் விட்ட கண்ணாடியில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள். பூஜ்ஜியம். ஏழு. ஒன்று. ஒன்று.

போன் திறந்துகொண்டது. திரையில் தாரணியும் வினிதாவும் சாமுண்டி மலைப் படிக்கட்டில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மனோஜ்குமார் எழுந்து நின்றார். பாலன் கதவோரம் நகர்ந்து நின்றான். தாரணிக்கு மட்டும் எதுவும் புரியவில்லை.

"உன் போன் பூட்டு நம்பர் எப்பிடி வினி அந்தப் படத்துல?" என்றாள். திருட்டு யார் செய்தது என்பதைவிட, ஒரு கணக்கு ஏன் ஒத்துப்போனது என்பதுதான் அந்த நேரத்தில்கூட அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

வினிதா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுத்துப் பேசுவாள் என்று சுலோசனா எதிர்பார்த்தாள். அதற்கு மூன்று பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தாள். தேவைப்படவில்லை.

"அந்தப் பொட்டி நம்பர் கேட்டுச்சு தாரு. கை தானா போட்டுருச்சு" என்றாள் வினிதா.

பிறகு துண்டு துண்டாக வந்தது. பெங்களூர்க்காரன் முதலில் இரண்டு பேரையும்தான் வேலைக்குக் கூப்பிட்டான். தாரணி வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்படியானால் நீ மட்டும் வந்து எனக்கு என்ன பிரயோஜனம், உன்னோடது என்று காட்ட என்ன இருக்கிறது என்று அவன் வினிதாவைக் கேட்டான். காட்டுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தாரணியின் மெஷின் பூட்டாமல் இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"எம்மேல பழி வரும்னு தெரியாதா உனக்கு?" இப்போதுதான் தாரணியின் குரல் உடைந்தது.

"வந்தாலும் உன்ன யாரும் நம்பாம இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் உன்னத்தான நம்புவாங்க."

"மூணு ராத்திரியா என் தலையத் தடவிக் குடுத்துட்டுப் படுத்திருந்தியே, வினி. தூங்கு தாரு, எல்லாஞ் சரியாயிரும்னு சொன்னியே. அதுவும் கை தானாச் செஞ்சதா?"

வினிதா பையைத் துழாவி, மடித்த ஒரு ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹெப்பாள் பேக்கரியின் ரசீது. பட்டர்ஸ்காட்ச், ஒரு கிலோ, நாளை மாலை ஆறு மணிக்கு. எழுத வேண்டியது என்ற இடத்தில் 'தாருவுக்கு' என்று போட்டிருந்தது. அதற்கு முன்பணம் கட்டிய தேதியையும் நேரத்தையும் சுலோசனா கவனித்தாள். கவனிக்காமல் அவளால் இருக்க முடியாது. போன செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று நாற்பது. படத்தை அனுப்பிவிட்டு, அதே சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேக்குக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"நாளைக்கு உனக்குப் பொறந்த நாளு" என்றாள் வினிதா. "நெசமான நாளு. அம்மாகிட்டக் கேட்டு வச்சிருந்தேன்."

தாரணி அந்த ரசீதைத் தொடவில்லை. அது ஏதோ சூடாக இருக்கிற மாதிரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தனக்குத் தெரியாத தன் பிறந்த நாளைத் தேடிக் கண்டுபிடித்தவளும், தன் உழைப்பைத் தூக்கிக் கொடுத்தவளும் ஒரே ஆள் என்பது முகத்தில் இறங்க அவளுக்கு நேரம் பிடித்தது. இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். இரண்டுமே நிஜம்.

மனோஜ்குமார் கடிதத்தில் பெயரை மாற்றி அடித்துக் கொண்டுவந்தார். வினிதா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் தாரணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிகள் வருத்தத்தில் அதிக நேரம் செலவழிப்பதில்லை. மனோஜ்குமார் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். தப்பாக நினைத்துவிட்டேன் என்றார். அதே மூச்சில், நடந்ததைச் சொன்னால் ஊதுபத்திக்காரர் கேட்பார், ஆனால் கூட்டம் புதிதாக இருக்க வேண்டும், கலைசலை மாற்றி இன்றைக்கே அனுப்ப முடியுமா என்றும் கேட்டார்.

"சார், இந்தப் பொண்ணு கண்ணத் தொடைக்கிற வரைக்குமாவது பொறுக்கலாம். தேர் ஒண்ணும் ஓடிடாது" என்றான் பாலன்.

தாரணி ஏற்கெனவே எழுந்துவிட்டாள். தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியின் முதுகில் வினிதாவின் சால்வை தொங்கிக்கொண்டிருந்தது. காட்சியைத் திறந்தாள். தேர் வந்தது, இருநூற்று நாற்பது பேர் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்கள். சின்னப் பெட்டி வந்து எண் கேட்டது.

1 என்று போட வந்த விரல் நின்றுவிட்டது. இனி அது உதவாது, ஊருக்கே தெரிந்த எண்.

"அண்ணா, ஒரு நம்பர் சொல்லுங்க. யாரோடதும் இல்லாத நம்பரா."

பாலன் வாயைத் திறந்தான். அவன் ஓட்டிய பஸ்ஸின் எண், வீட்டு எண், மகளின் கல்யாணத் தேதி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டான். சுலோசனா பார்க்க, அன்றைக்கு இரண்டாவது தடவை.

தாரணியே மெதுவாக, ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள். பூஜ்ஜியம், ஒன்று, பூஜ்ஜியம், ஆறு.

"ஜூன் ஒண்ணாம்மா?" என்றாள் சுலோசனா.

"ஆமாங்கக்கா. ஹெட்மாஸ்டர் போட்ட பொய். அது எங்க எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் ஏமாத்துச்சு."

பொத்தானை அழுத்தினாள். மெஷின் முன்னால் இருந்த பூஜ்ஜியத்தை விழுங்கியது. தேர் அசைந்தது. எங்கோ ஏழாம் வரிசையில், அதுவரை யாரும் கவனித்திராத ஒரு நீலச் சட்டைக்காரர் முதலில் கையைத் தூக்கினார்.